டெவேன் வீட்டில் தேநீர் ஆறுகிறது

கழுத்தில் குத்தினால் உடனே செத்துப்போவான், அதனால் கழுத்து வேண்டாம். வயிற்றில் குத்தினால் கொஞ்ச நேரம் இருப்பான், கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வாய் இருக்கும். ஆனால் என் கையில் இருப்பது பாண் வெட்டுகிற கத்தி, வாள் மாதிரிப் பல்லு வைத்தது, குத்த உதவாது, அறுக்கத்தான் உதவும். அறுக்கிறேன். பட்டர் பூசி, பன்றி இறைச்சித் துண்டு வைத்து, மேலே இன்னொரு துண்டு பாணை மூடிக் குறுக்கே அறுத்துத் தட்டில் அடுக்குகிறேன். பக்கத்து அறையில் மார்ட்டின் டெவேன் பெட்டிக்குள் கிடக்கிறார். தொண்ணூறு தாண்டிய மனிசன், முதியோர் இல்லத்தில் நான்தான் அவரைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றிப் பார்த்துக்கொண்டேன், கடைசியாக முகம் துடைத்து விட்டதும் நான்தான். எங்கள் ஊரில் செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அயர்லாந்தில், இந்தப் பாலினக்ரோ கிராமத்தில், செத்த வீடு என்றால் ஊருக்கே சாப்பாடு. வருகிறவர்கள் வரிசையாகப் போய்ப் பிரேதத்தின் கையைத் தொட்டு, வீட்டுக்காரருக்குக் கை கொடுத்து, உங்கள் துயரத்துக்கு வருந்துகிறோம் என்று எல்லோரும் அந்த ஒரே வசனத்தைச் சொல்லிவிட்டு, இந்தச் சமையலறைக்கு வந்து தேநீர் குடிப்பார்கள். அவனும் வருவான். தயாபரன் வருவான். என் அண்ணாவைக் கூட்டிக்கொண்டுபோனவன். அண்ணாவை எங்கே தாட்டீர்கள், எந்த மண்ணில் புதைத்தீர்கள் என்று கேட்கவேண்டும், எனக்கு வேண்டியது அது ஒன்றுதான், அதைக் கேட்டு அவன் சொல்லி முடித்த பிறகு கழுத்து. செத்த வாய் இடம் சொல்லாது. இந்த இடத்தில்தான் என் யோசனை ஒவ்வொரு தடவையும் வந்து தடக்கி விழுகிறது, எழும்பி மறுபடியும் முதலிலிருந்து போகிறது.

"தவா, வெங்காயம் போட்ட முட்டையிலயும் கொஞ்சம் செய் பிள்ளை, பாதிரியாருக்கு உதுதான் விருப்பம்," என்கிறார் நோரா. இவர்கள் ஆங்கிலத்தில் சொன்னாலும் எனக்குள் எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் விழும், இத்தனை வருசத்தில் அது மட்டும் மாறவில்லை. தவமலர் என்ற பெயர் தவாவாகச் சுருங்கிவிட்டது, அதற்கு நான் கவலைப்படவில்லை. நோரா ஃபினர்ட்டி பக்கத்து வீட்டுக்காரி, எந்தச் செத்த வீடானாலும் கேட்காமலே வந்து நின்று நடத்துகிறவர். தண்ணி கொதிக்கிற கேத்தலைப் பார்க்கிறார், கோப்பைகளைப் பார்க்கிறார், எல்லாவற்றையும்விட அதிகமாக ஜன்னலைப் பார்க்கிறார். ஸ்கான்லன் வீட்டுக் கார் வருகிறதா என்று பார்க்கிறார். வந்த புதிதில் எனக்கு இது விளங்கவில்லை. நூறு வருசத்துக்கு முந்திய சங்கதி, ஆங்கிலேயனை அனுப்பிவிட்டுத் தங்களுக்குள்ளேயே சுட்டுக்கொண்ட காலம். மார்ட்டினுடைய அப்பாவும் இன்னும் சிலரும் ஸ்கான்லன் வீட்டுப் பெடியன் ஜோவை, புல் வாரிக்கொண்டு நின்றவனை, காட்டிக் கொடுத்தவன் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆளும் வரவில்லை, உடலும் வரவில்லை. அன்றிலிருந்து இரண்டு வீடும் கதைப்பதில்லை, அவர்கள் கதைக்காமல் இருப்பதற்கு ஊரே சேர்ந்து பாடுபடுகிறது. கோயிலில் டெவேன்கள் இடது பக்கம், ஸ்கான்லன்கள் வலது பக்கம், பாதிரியாரிடம் நன்மை அப்பம் வாங்க வரிசை எழும்பும்போது நடுவில் யாராவது ஒரு ஃபினர்ட்டி புகுந்துகொள்வார். குடிக்கிற கடையும் வேறு வேறு. ஒரு வருசம் கால்பந்து இறுதி ஆட்டத்தில் ஸ்கான்லன் பெடியன் டெவேன் பெடியனுக்குப் பந்தைக் கொடுக்காததால் கோப்பை போனது, அதை இன்றைக்கும் கோப்பையை வென்ற மாதிரித்தான் சொல்வார்கள். செத்த வீட்டுக்கு மட்டும் வராமல் இருக்க முடியாது, வராவிட்டால் அது பிரேதத்துக்குச் செய்கிற அவமரியாதை. அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். கார் தெரிந்ததும் நோரா போய் மார்ட்டினின் மகளிடம், "ப்ரீடா, உன்ர தேத்தண்ணி ஆறுது," என்பார். ப்ரீடா எழும்பிச் சமையலறைக்கு வந்துவிடுவாள். ஸ்கான்லன் உள்ளே போய்ச் சிலுவை போட்டு, வெறும் கதிரைக்குத் தலையை ஆட்டிவிட்டுப் போவார். கார் போனதும் ப்ரீடா திரும்பிப் போய் இருப்பாள். கோப்பையில் தேநீர் இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. போன மாரியில் டிம் ஸ்கான்லனின் மனைவி செத்தபோது மார்ட்டினைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனவள் நான்தான், நாங்கள் வாசலை மிதிக்க அங்கே டிம்முக்குத் தேநீர் ஆறியது. இவ்வளவு சூட்சுமம் தெரிந்த சனம். பகையாளிகளின் கண் சந்திக்காமல் நூறு வருசம் ஒரு ஊரை நடத்தத் தெரிந்த சனம். இந்தச் சனம்தான் தயாபரனைப் பிடித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருத்துகிறது.

இறைச்சித் தொழிற்சாலைக்கு ஆள் எடுத்தபோது வந்து சேர்ந்தவன். வந்த மறுவாரமே நோரா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "உங்கட ஊர் ஆள் பிள்ளை! உங்கட பாசை கதைக்கிற ஆள்! இனி உனக்குத் தனிமை இல்லை." கோயில் மண்டபத்தில் நடுவில் நின்றான். தலை நரைத்து, வயிறு வைத்து, கண்ணாடி போட்டு. பெயரைச் சொன்னான், எனக்கு ஒன்றும் தட்டவில்லை, ஊரில் ஆயுதம் தூக்கிய இயக்கத்தில் அவனுக்கு வேறு பெயர். "இருங்கோ தங்கச்சி, எந்த இடம் நீங்கள்?" என்று கேட்டான், அந்த 'இருங்கோ'வை நான் முன்னமே கேட்டிருக்கிறேன். மேல் பல்லில் நாக்கை வைத்து இழுக்கிற அந்த ரகரம். முகம் முதிரும், மயிர் நரைக்கும், குரல் எங்கே போகும்? அதற்குப் பிறகு பார்த்தேன், இடது புருவத்தை வெட்டிக்கொண்டு போகிற தழும்பு கண்ணாடிக்கு மேலே அப்படியே இருந்தது. யாழ்ப்பாணம் என்று சொன்னேன், கிராமத்தின் பெயரை மாற்றிச் சொன்னேன். அதற்குப் பிறகு இந்த ஊர் எங்களை விடவில்லை. கிறிஸ்மஸ் விருந்தில் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. கோயில் விழாவில் இரண்டு பேரும் சேர்ந்து உங்கள் ஊர்ச் சாப்பாடு செய்யுங்கள் என்று ஒரு மேசை தந்தார்கள், நான் ரோல்ஸ் சுருட்ட அவன் எனக்குப் பக்கத்தில் நின்று பொரித்தான், கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. அதைத் தூக்கி முகத்தில் ஊற்றியிருக்கலாம். எண்ணெய் அவன் முகத்தில் பொரிகிற சத்தத்தைக்கூடக் கேட்டேன். அவனோ, "எண்ணெய் காணும் தங்கச்சி, அடுப்பைக் குறையுங்கோ," என்றான். நான் குறைத்தேன். ஊரில் அவனுக்கு நல்ல பெயர். பெயரைச் சுருக்கி டை, டை என்று கூப்பிடுகிறார்கள். தொழிற்சாலையில் எலும்பு நீக்குகிற பகுதியில் அவனளவுக்குக் கத்தி ஓட்ட ஆள் இல்லையாம். கிழவிகளுக்கு விறகு பிளந்து கொடுக்கிறான், சாமான் சுமக்கிறான். இங்கே பிரேதத்துக்குக் குழி வெட்டுவது கூலிக்காரன் வேலை இல்லை, அயலவர்கள் செய்கிற மரியாதை, நேற்று மார்ட்டினின் குழிக்கு அவனையும் கூப்பிட்டு மண்வெட்டி கொடுத்தார்கள். நோராவுக்குக் கண் கலங்கியது. "எவ்வளவு வடிவா வெட்டுறான் பார், சுவர் கட்டின மாதிரி நேரா." வெட்டுவான். பழகிய கை.

பழகிய கைதானா? அதுவும் எனக்குத் தெரியாது, அவன் கூட்டிக்கொண்டு மட்டும் போனவனா, சுட்டவனா, தாட்டவனா. எண்பத்தாறாம் ஆண்டு, ஒரு இயக்கம் இன்னொரு இயக்கத்தைத் தெருவில் போட்டு எரித்த வருசம். அண்ணா குகதாசன் மற்ற இயக்கத்துக்குச் சுவரொட்டி ஒட்டித் திரிந்தவன், சுடுகிற துவக்கைப் பிடிக்கவே தெரியாது, பசை காய்ந்த விரலோடு சோறு தின்று அம்மாவிடம் ஏச்சு வாங்குகிறவன். பின்னேரம், நான் பள்ளிக்கூடச் சட்டையோடு நிற்கிறேன். இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள், ஒழுங்கை முகப்பில் ஒரு வான் வண்டி நின்றது. புருவம் வெட்டுப்பட்டவன்தான் கதைத்தான். "இருங்கோ அம்மா, அழாதேங்கோ. விசாரிச்சுப்போட்டு விடுறம்." எவ்வளவு மரியாதை. அண்ணா சேர்ட்டை எடுத்து மாட்டினான், பொத்தான் மாறிப் பூட்டினான், அம்மா சரியாகப் பூட்டி விட்டா. அம்மா தன் கையாலே பொத்தான் பூட்டி அனுப்பி வைத்தா. பிறகு சந்தியில் லைற் போஸ்ற்றில் இரண்டு பேரைக் கட்டிச் சுட்டு, துரோகி என்று மட்டை தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அம்மா ஓடினா, நான் பின்னால் ஓடினேன். ஒருவனுக்கு முகமே இல்லை. அம்மா அவன் சேர்ட்டைப் பிடித்துப் பொத்தானைத் தடவித் தடவிப் பார்த்தா. இல்லை, என்ர பிள்ளை இல்லை என்று சிரித்தா. வேறு யாரோ பெற்ற பிள்ளையின் இரத்தம் இரண்டு கையிலும் வழிய, அந்தச் சந்தியில் நின்று என் அம்மா சிரித்தா. உடல் கிடைக்கவில்லை, அந்தியேட்டிக் கிரியை செய்யவில்லை, ஒரு வருசமும் திவசம் இல்லை. இன்றைக்கும் தொலைபேசியில் நான் சாப்பிட்டேனா என்று கேட்க முதல், "ஏதும் தெரிஞ்சதோ மோனை?" என்றுதான் கேட்கிறா. இங்கே ஒருவனைக் கண்டேன் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் எங்கே என்று கேட்பா. எங்கே. எங்கே. அந்தச் சொல் என் தொண்டையில் மீன் முள்ளாகக் கிடக்கிறது.

முள்ளை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நிற்கிற என்னிடம்தான் மார்ட்டின் தன்னுடைய முள்ளைக் கக்கினார். பங்குனிக் குளிர், நான் அவருடைய முதுகுக்குச் சுடுதண்ணி வார்த்துக்கொண்டிருந்தேன். "ஜோ ஸ்கான்லன் சொல்லேல்லை," என்றார். "காட்டிக் குடுத்தவன் வேறொருத்தன். சுட்ட பிறகுதான் அப்பாவுக்குத் தெரிஞ்சது." தண்ணி வார்க்கிறதை நிறுத்தினேன். "பழைய சுண்ணாம்புக் காளவாய் தெரியுமோ உனக்கு, ஆத்தங்கரையில? அதின்ர கிழக்குப் பக்கம்தான் தாட்டவை. முழங்காலில இருத்தித்தான் சுட்டவை. பெடியன் தாயைக் கூப்பிட்டவனாம். அப்பா சாகும்வரைக்கும் அந்தச் சத்தம் கேக்குது எண்டு காதைப் பொத்திக்கொண்டு படுப்பார்." ஏன் எனக்குச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "நீ வெளியாள். உனக்குச் சொல்லுறது சுவருக்குச் சொல்லுற மாதிரி." வெளியாளாம். அந்த நேரம் அந்தச் சோப்புப் போட்ட தலையைப் பிடித்துத் தண்ணிக்குள் அமுக்கவேண்டும் போலிருந்தது. நூறு வருசம் ஒரு வீடு இடம் தெரியாமல் செத்துச் செத்துப் பிறந்திருக்கிறது, இந்த மனிசன் தெரிந்துகொண்டே பந்தயக் குதிரை பார்த்து, பிள்ளை பெற்று, பற்களைக் கழற்றித் தண்ணிக்குள் போட்டுவிட்டு நித்திரை கொண்டிருக்கிறார். ஆனாலும் நான் டிம் ஸ்கான்லனிடம் போய்ச் சொல்லவில்லை. சொன்னால் எனக்கும் அந்தப் பெயர்தான், காட்டிக் கொடுத்தவள். இந்த ஊரில் அதைவிடக் கெட்ட பெயர் இல்லை, எங்கள் ஊரிலும் இல்லை. அந்தப் பெயரால்தான் அண்ணாவே போனான். நான் வாயை மூடி, முதுகைத் துடைத்து, பவுடர் போட்டு விட்டேன். இன்றைக்கு அந்தக் கிழவன் செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு பெட்டிக்குள் கிடக்கிறார். அவர் வாயிலிருந்து இனி ஒன்றும் வராது. இடம் தெரிந்த வாய் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டு பாண் அறுக்கிறேன்.

"இந்தா வந்திட்டார் உன்ர ஆள்," என்று நோரா அவனைத் தோளில் தட்டித் தள்ளிக்கொண்டு வருகிறார், "தவா, டைக்கு நல்ல சாயமாத் தேத்தண்ணி குடு." கறுத்த கோட்டு, மினுக்கிய சப்பாத்து. கை கழுவியிருக்கிறான், என்றாலும் நகக்கண்ணில் குழி மண். எனக்கு முன்னால் வந்து நின்று கையை நீட்டுகிறான். "உங்களுக்கும் கவலைதானே தங்கச்சி. நல்லாப் பாத்தனீங்கள் எண்டு எல்லாரும் சொல்லீனம்." தங்கச்சி. வயதுக்கு மூத்தவனை நான் அண்ணை என்று கூப்பிடவேண்டும், அதுதான் எங்கள் வழக்கம், இத்தனை மாதமாக ஒரு முறை கூட நான் கூப்பிடவில்லை, அவன் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. அந்த நேரம் ஜன்னலடியில் நோராவின் முதுகு நிமிர்ந்தது. அவசரமாகப் போனார். "ப்ரீடா, உன்ர தேத்தண்ணி ஆறுது." ப்ரீடா சமையலறைக்குள் வந்து கதவோரம் நின்றாள், கண் சிவந்து, கையில் வெறும் கோப்பை. முன்கதவு திறந்த சத்தம், டிம் ஸ்கான்லனின் தடித்த சப்பாத்துச் சத்தம், பிரேதம் கிடந்த அறையில் கதை எல்லாம் ஒரேயடியாக அடங்கியது. அந்த அமைதியில், அங்கே வேறு யாருக்கும் விளங்காத எங்கள் பாசையில், நான் கேட்டேன். யோசித்துக் கேட்கவில்லை, வாய் தானே கேட்டது, வாய் பழக்கத்தில் நீங்கள் என்றது. "எங்கட அண்ணாவை எங்க தாட்டனீங்கள்?" அவன் கை நீட்டியபடியே நின்றது. "சைக்கிளில வந்து, விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டு சொல்லி, நீங்கள் கூட்டிக்கொண்டு போன குகதாசன். எங்க?" அவன் முகம் வெளிறியது. பயந்தான் என்று நினைத்தேன், இப்போது சொல்வான் என்று நினைத்தேன், முப்பத்தேழு வருசம் இந்த ஒரு முகத்தைத் தூக்கிக்கொண்டு நான் கடல் தாண்டினேன், இப்போது சொல்வான். அவன் மெல்லக் கேட்டான். "எந்த வீடு தங்கச்சி?" எனக்கு விளங்கவில்லை. "கன வீட்டுக்குப் போனனாங்கள். எந்த வீடு உங்கட?"

பயத்தில் கேட்கவில்லை. நடிக்கவும் இல்லை. அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. எங்கள் அம்மா பூட்டின பொத்தான் அவன் பார்த்த எத்தனையோ பொத்தானில் ஒன்று. நான் கத்தியை ஓங்கினேனா என்று தெரியவில்லை, ப்ரீடா 'தவா' என்று கத்தியது மட்டும் கேட்டது, அவன் பின்னால் சாய்ந்து தேநீர்த் தட்டில் இடித்துக் கோப்பைகள் நிலத்தில் விழுந்து நொறுங்கின, எனக்கு அவனுடைய கழுத்தும் தெரிந்தது, கழுத்தில் துடிக்கிற நரம்பும் தெரிந்தது, அறுத்தாலும் அதற்குள் என் அண்ணா இல்லை என்பதும் தெரிந்தது. ஒன்றும் இல்லாத மனிசனை என்ன செய்வது? திரும்பினேன். உடைந்த பீங்கானை மிதித்துக்கொண்டு நடந்தேன். பிரேதம் கிடந்த அறையில் சனம் இரண்டு பக்கமும் ஒதுங்கியது, கத்தி இன்னும் கையில்தான் இருந்தது போலிருக்கிறது. டிம் ஸ்கான்லன் தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வெறும் கதிரைக்குத் தலையாட்டப் போனவர், என்னைக் கண்டு நின்றார். எழுபது வயது மனிசன், கண்ணுக்குக் கீழே தொங்கல். அவருடைய கையைப் பிடித்தேன். "உங்கட சித்தப்பா ஜோ சொல்லேல்லை. சொன்னது வேற ஆள். அவரை ஆத்தங்கரைச் சுண்ணாம்புக் காளவாயடியில தாட்டிருக்கு," என்றேன். யாரோ ஒரு கிழவி 'ஜீசஸ்' என்றாள். நோரா என் தோளைப் பிடித்து இழுத்தார், நான் அசையவில்லை. இனி என்னை இந்த ஊர் வைத்திருக்காது, போகட்டும். டிம்மின் விரல்கள் என் கைக்குள் இறுகின, எலும்பு நோகுமளவுக்கு இறுகின. அவர் அழவில்லை, யார் சொன்னது என்று கேட்கவில்லை. "எந்தப் பக்கம்?" என்றார். எந்த வீடு என்று கேட்டவனை இப்போதுதான் பின்னால் விட்டு வந்திருக்கிறேன். எந்தப் பக்கம் என்று கேட்கிற மனிசனைக் கண்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "கிழக்குப் பக்கம்," என்றேன். "கிழக்கில்லை," என்றது எனக்குப் பின்னால் ஒரு குரல். ப்ரீடா வாசலில் நின்றாள். எனக்குச் சொல்லவில்லை, டிம்மை நேரே பார்த்துச் சொன்னாள். "வடக்கு. முள்மரத்துக்கும் சுவருக்கும் நடுவில. அப்பாவுக்குக் கடைசி நாளில திசை எல்லாம் குழம்பிப்போச்சு." நூறு வருசத்துக்குப் பிறகு ஒரு டெவேன் ஒரு ஸ்கான்லனிடம் வாய் திறந்தது, என் பிழையைத் திருத்துவதற்கு. டிம் என் கையை விட்டுவிட்டு அவளிடம் நடந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே ஒவ்வொரு செத்த வீட்டிலும் வெறும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். இந்த அறையில் இன்னும் எத்தனை பேருக்குத் தெரியும்? சமையலறைக்கு ஓடினேன். பின்கதவு விரியத் திறந்து கிடந்தது, தயாபரன் இல்லை. நோரா எனக்குப் பின்னால் மூச்சு வாங்க வந்து, கத்தியை மெல்லக் கையிலிருந்து எடுத்தார். "பாவம், வேலைக்கு நேரம் போச்சாக்கும், பெடியன் நல்லாப் பயந்திட்டான். நீயும் களைச்சுப்போனாய் பிள்ளை, இந்தக் கிழவனை நீதானே பாத்தனீ. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன்ர வீட்டில சாப்பாடு எண்டு காலமையே அவனிட்டச் சொல்லிப்போட்டன், கோவியாதை. தனிச்ச ஆள், உங்கட சோறு கறிக்கு ஏங்கிப்போயிருப்பான்." நோராவின் முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே என்னில் இரக்கப்பட்ட முகம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவன் வராவிட்டாலும் இந்த ஊர் அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து என் வாசலில் விடும், அது எனக்கு நன்றாகத் தெரியும். "வரட்டும்," என்றேன். கதவைப் பூட்டிவிட்டுத்தான் சோறு போடுவேன். எங்கள் வீடு எது என்று நினைவு வரும்வரை அவனை எழும்ப விடமாட்டேன்.